பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவதைக் குற்றமாக்கலாமா?

வெளிநாடுகளில் பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் பெற்றோருக்கு அபராதம், சிறை என்றெல்லாம் இருக்கிறதே, இங்கேயும் வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கக் கூடாது என்பதுதான் என் பதில். ஏழாம் வகுப்பில் ஐந்து வாரம் மட்டம் போட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

1999, திருப்பூர். அப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) டெய்லர், அம்மா அதே கம்பெனியில் செக்கிங். நான் படித்தது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. வளர்த்தியான பையன் என்பதால் கடைசி பெஞ்ச். போர்டில் கணக்கு வாத்தியார் எழுதுவது என் நோட்டுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று எட்டாகிவிடும், கூட்டல் பெருக்கலாகிவிடும். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் காப்பி அடித்ததற்கு அடி. பார்க்காமல் எழுதினால் தப்பாக எழுதியதற்கு அடி. ஒரு திங்கட்கிழமை பையோடு கிளம்பியவன் நொய்யல் பாலத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதெல்லாம் சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில்தான் விழும். ஒரு நாள் சிவப்பாக ஓடும், மறுநாள் ஊதா. ஊரில் என்ன கலர் ஆர்டர் ஓடுகிறது என்று பாலத்தடியிலேயே தெரிந்துகொள்ளலாம். மதிய மணி அடித்ததும் பள்ளிச் சுவரேறிக் குதித்து, சத்துணவு வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு, மறுபடி சுவரேறி வெளியே வந்துவிடுவேன். முட்டை போடும் நாளைத் தவறவிட்டதே இல்லை.

இரண்டாவது வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் பிசிர் வெட்டக் கூட்டிப்போனார். தைத்து முடித்த பனியன் குவியலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும். துணியில் கத்தரி பட்டால் பீஸ் போச்சு. எனக்கு அது சுலபமாக வந்தது. கழுத்துப் பட்டிக்கு உள்ளே ஒளிந்திருக்கும் நூல்கூடக் கண்ணில் படும். செக்கிங் அக்கா ஒருவர் சூப்பர்வைசரிடம், "இவன் வெட்டுன பீஸை மறுக்கா பாக்கவே வேண்டியதில்லைங்" என்றார். பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. நாளுக்கு 25 ரூபாய். சனிக்கிழமை சம்பளத்தை வீட்டில் கொடுத்ததும்தான் குட்டு உடைந்தது. அப்பா இரண்டு அறை விட்டார். ஆனால் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு அபராதச் சட்டம் ஒன்று இருந்து, 500 ரூபாய் கட்டு என்று அப்பாவுக்கு நோட்டீஸ் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மறுநாளே காதைத் திருகிக் கொண்டுபோய் பள்ளியில் விட்டிருப்பார். ஆக, சட்டம் பலிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகவே பலித்திருக்கும். அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதே மூன்றை எட்டாக எழுதி அதே அடியை வாங்கியிருப்பேன், வருகைப் பதிவேடு மட்டும் சுத்தமாக இருந்திருக்கும். ஜட்ஜ் ஒருவர் கூப்பிட்டு, ஏன் தம்பி போகவில்லை என்று கேட்டிருந்தால் "புடிக்கலைங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். நிஜக் காரணம் எனக்கே தெரியாதபோது அவரிடம் எதைச் சொல்வது?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இதை முழுமூச்சாகச் செய்து பார்த்தார்கள். நான்கு வாரத்தில் மூன்று நாள் வராவிட்டாலே பள்ளி வழக்குப் போடலாம். அந்தக் கணக்கில் நான் முதல் வாரம் புதன்கிழமையே குற்றவாளி. 12 வயது ஆனால் போதும், பெரியவர்களுக்கான கோர்ட்டில் நிற்க வேண்டும், 500 டாலர் வரை அபராதம். 2013இல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் வழக்குகள். கட்ட முடியாதவர்களை 17 வயதானதும் கைது செய்யவும் வழி இருந்தது. கோர்ட்டுக்குப் போகிற அன்றைக்கும் பள்ளிக்கு லீவுதானே என்று யாராவது கேட்டார்களா தெரியவில்லை. கடைசியில் அவர்களே சட்டத்தை மாற்றி, 2015 செப்டம்பர் 1 முதல் பிள்ளைகள் மீதான குற்ற வழக்கை நிறுத்தினார்கள். பெற்றோருக்கான அபராதம் மட்டும் தொடர்கிறது.

பென்சில்வேனியாவில் நடந்தது இன்னும் மோசம். ரெடிங் என்ற ஊரில் ஏழு பிள்ளைகளின் தாய் ஒருவர். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாததற்கு விழுந்த அபராதம் வருடக்கணக்கில் சேர்ந்து 2,000 டாலர் அளவுக்கு வந்திருந்தது. கட்ட வழியில்லாமல் 48 மணி நேரச் சிறைக்குப் போனவர், 2014 ஜூனில் சிறைக்குள்ளேயே இறந்துபோனார்.

இங்கிலாந்தில் 2024 ஆகஸ்டு முதல் ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு அபராதம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இதில் பெரும்பாலானவை யாருக்குப் போகின்றன என்றால், விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று பள்ளி நடக்கும்போதே டூர் போகிற குடும்பங்களுக்கு. அவர்கள் அபராதத்தையும் டூர் செலவோடு சேர்த்துக்கொள்கிறார்கள். வசதி உள்ளவருக்கு அது ஒரு கட்டணம். இல்லாதவருக்குத்தான் அது தண்டனை.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். கமலா ஹாரிஸ், நம் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் ஜெயிக்கிறதுக்கு முன்னாலேயே பேனர் கட்டினார்களே, அவர்தான், சான் பிரான்சிஸ்கோவில் அரசு வழக்கறிஞராக இருந்தபோது இதைத் தீவிரமாக ஆதரித்தார். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள்தான் பிற்பாடு கொலைக்குப் பலியாகிறார்கள் என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. அவர் ஆதரவோடு 2011இல் கலிபோர்னியா முழுக்கச் சட்டம் வந்தது: பெற்றோருக்கு 2,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. மிரட்டி வழிக்குக் கொண்டுவரத்தான் நினைத்தேன் என்றார். ஆனால் வேறு மாவட்டங்களில் பெற்றோரை நிஜமாகவே உள்ளே தள்ளினார்கள். 2019இல் அதற்கு வருத்தம் தெரிவித்தார். மிரட்டுவதற்கென்று கம்பு செய்து வைத்தால், அதை அடிக்க எடுப்பவன் ஒருவன் வராமலா போவான்?

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் விவரமானது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறினால் தண்டனை என்று எதுவும் இல்லை. 17ஆவது பிரிவு, அடிக்கிற ஆசிரியர் மீது துறை நடவடிக்கை என்கிறது. (எங்கள் கணக்கு வாத்தியார் பத்து வருடம் முந்திக்கொண்டார்.) குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்திய பிறகு, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் முதல் தடவை சிக்கினால் தண்டனை கிடையாது. என் விஷயத்தில் குற்றம் என்று ஒன்றைச் சொல்வதானால் அந்த 25 ரூபாய்க் கூலியில்தான் இருந்தது. கொடுத்தவரைப் பிடித்திருக்க வேண்டும்.

சரி, நான் எப்படித் திரும்பினேன்?

ஒரு சாயங்காலம் கம்பெனி பக்கத்து டீக்கடையில் பன் தின்றுகொண்டிருந்தேன். எங்கள் தமிழய்யா சைக்கிளில் எதிரே வந்திருக்கிறார். மட்டம் போட்டவன் வாத்தியாரைப் பார்த்தால் ஓட வேண்டும். நான் ஓடவில்லை. சைக்கிள் என் முன்னால் வந்து நின்ற பிறகுதான் பன் தொண்டையில் சிக்கியது.

"ஏன்டா, என்னைப் பாத்தா ஓடணும்ல? ஏன் ஓடல?"

"நீங்கன்னு தெரியலீங்கய்யா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் ரோட்டில் தூரத்தில் வந்த பஸ்ஸைக் காட்டி, "போர்டுல என்ன போட்டிருக்கு, படி" என்றார்.

"பஸ் வருதுங்கய்யா."

அடிக்கவில்லை, வீட்டுக்கு வந்து புகார் சொல்லவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பின்னால் உட்காரவைத்து இலவசக் கண் முகாமுக்குக் கூட்டிப்போனார். மைனஸ் மூன்றரை. கிட்டத்தில் நூல் தெரியும், எட்டத்தில் வாத்தியாரே தெரிய மாட்டார்.

கண்ணாடி வந்த மறுநாள் வகுப்புக்குப் போனேன். சோடாப்புட்டி என்ற பெயர் முதல் பீரியடுக்குள் வந்துவிட்டது. கரும்பலகையின் மூலையில் வழக்கம்போலக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள்: பதிவு 43, வருகை 43. கடைசி பெஞ்சிலிருந்தே படிக்க முடிந்தது.