குழிக்குழாயும் செப்புக்குடமும்

கேள்வி: ஐயா, என் 6 வயதுப் பேரனுக்கு மூன்று வாரமாக வயிறு உப்புசம். மலம் பிசுக்குப் பிசுக்காக மிதக்கிறது, நாற்றம் தாங்கவில்லை. சோதித்துப் பார்த்து ‘ஜியார்டியா’ என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஊராட்சித் தொட்டியில் குளோரின் போடுகிறார்கள். நானும் செப்புக்குடத்தில்தான் ஊற்றி வைக்கிறேன். பிறகு எப்படி வந்தது?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: அம்மா, நானும் அந்தக் குளோரினை நம்பியவன்தான். சுகாதார ஆய்வாளராக இருந்த காலமெல்லாம், ‘1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிடு’ என்று தொட்டி தொட்டியாகச் சொல்லித் திரிந்தேன். காலரா, டைபாய்டு கிருமிகளுக்கு அது எமன். ஜியார்டியா வேறு ஜாதி, குடலில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணி. மலத்தோடு வெளியே வரும்போதே நெல்லுக்கு உமி போல ஒரு கூட்டைப் போர்த்திக்கொண்டு வரும். அந்த அளவுக் குளோரினுக்கு லேசில் சாகாது. தண்ணீரில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செப்புக்குடம் சில பாக்டீரியாவைக் குறைக்கும், வாஸ்தவம். ஆனால் இந்தக் கூட்டுக்கு அதை நம்பி என் பேரனுக்குக் கொடுக்க மாட்டேன். தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், அவ்வளவுதான்.

எப்படி வந்தது என்கிறீர்களே, உங்கள் வாசல் குழாயை ஒருமுறை குனிந்து பாருங்கள். கடைமடையில் குடிநீரும் கடைசியில்தான் வரும். தண்ணீர் மேலே ஏறாது என்பதால் இடுப்பளவு குழி வெட்டி அடியில் குழாயை வைத்திருப்போம். மழை பெய்தால் குழி நிரம்பும், கோழி இறங்கும், சாக்கடையும் கசியும். தண்ணீர் நின்றதும் குழாய் வாய் அந்த அழுக்கையே உள்ளே இழுக்கும். யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். குழிக்குச் சிமெண்டு பூசி, விளிம்பை ஒரு சாண் உயர்த்துங்கள். குழாய்க்கு மூடி போடுங்கள். முதலில் வரும் இரண்டு குடம் வாழைக்கு.

குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சுங்கள். சூடேறினால் போதாது, தளதளவென்று கொதி வந்த பின் முழுதாக 1 நிமிடம். இதில் என் வீட்டுக் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊருக்கெல்லாம் காய்ச்சச் சொன்னவன் வீட்டிலேயே வயிற்றுப்போக்கு. ஒரு நாள் அடுப்படியில் பார்த்தால், காய்ச்சிய தண்ணீர் ஆறவில்லை என்று என் தாயார் அரைச் சொம்பு பச்சைத் தண்ணீரை விளாவிக்கொண்டிருந்தார்! குளிக்க விளாவிய பழக்கம், குடிக்கவும் விளாவிவிட்டார். இரவே காய்ச்சி, அந்தப் பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். கையை விட்டு மொள்ளாதீர்கள், நீளப் பிடி வைத்த அகப்பையோ குழாய் வைத்த பானையோ நல்லது.

பையன் வெளிக்குப் போனபின் கால் கழுவிவிட்டதும் உங்கள் கைக்குச் சோப்பு போடுங்கள், வீட்டில் மற்றவர்களுக்கு வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான். மருந்தைச் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுங்கள். முடிந்தும் உப்புசம் இருந்தால் மறுபடி மலத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை வாய்க்காலில் புதுத்தண்ணி வந்தாலும் அவனைக் குதிக்க விடாதீர்கள். அழுவான், அழட்டும்.