எல்லா மெயிலும் ரவுட்டரிலிருந்தே வருகிறதா?

கேள்வி: காரைக்குடியில் எங்களுக்கு ஆத்தங்குடிக் கல் வியாபாரம். அலுவலகத்தில் ஒரு உபுண்டு கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு நாங்களே மெயில் சர்வர் நடத்துகிறோம். போன மாதம் ரவுட்டரை மாற்றினோம். சில நாளாக நாங்கள் அனுப்பாத மெயில்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்பட்டியல் திரும்பி வருகிறது. ரிலே (எங்கள் சர்வர் வழியாக வெளி முகவரிகளுக்கு மெயில் அனுப்புவது) அனுமதிப் பட்டியலில் எங்கள் அலுவலக நெட்வொர்க் மட்டும்தான் இருக்கிறது. பிறகு எப்படி வெளியாள் நுழைகிறார்? சர்வரின் பதிவேடான லாகிலிருந்து நாலு வரி இணைத்திருக்கிறேன்.

பதில்: அந்த நாலு வரியிலேயே விடை இருக்கிறது. நாலிலும் மெயிலைக் கொண்டுவந்த கிளையண்டின் முகவரி 192.168.1.1. அது உங்கள் ரவுட்டர். லாட்டரி விழுந்தது என்று ரவுட்டர் தானாக உட்கார்ந்து மெயில் எழுதாது, இல்லையா?

நடப்பது இதுதான். வெளியிலிருந்து 25-ஆம் போர்ட்டுக்கு (சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசல்) வரும் இணைப்பை ரவுட்டர் உங்கள் சர்வருக்குத் தள்ளிவிடுகிறது. அது சரி. ஆனால் தள்ளும்போது, வந்தவருடைய உண்மையான ஐபி முகவரியை அழித்துவிட்டுத் தன் முகவரியை எழுதிவிடுகிறது. உங்கள் பட்டியலில் 192.168.1.0/24 முழுவதற்கும், அதாவது 192.168.1 என்று தொடங்கும் எல்லா முகவரிக்கும், அனுமதி உண்டு, ரவுட்டரும் அதற்குள்தான் வருகிறது. வளவுக்குள் பங்காளிகளை மட்டும் விடச் சொல்லியிருக்கிறீர்கள். முகப்பில் நிற்பவரோ வருகிற எல்லோரையும் ‘நம்ம பங்காளிதான், விடுங்க’ என்று அனுப்பிக்கொண்டிருக்கிறார். பட்டியலை நூறு தடவை பார்த்தாலும் அதில் தப்பு தெரியாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். உங்கள் ஜிமெயில் கணக்கிலிருந்து அலுவலக முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு லாகைத் திறங்கள். கிளையண்ட் என்ற இடத்தில் கூகுளின் முகவரி இருக்க வேண்டும். அங்கேயும் 192.168.1.1 என்று நின்றால் சந்தேகமே இல்லை. அலுவலகக் கணினியிலிருந்து ரிலே சோதனை செய்து பயனில்லை. அதற்கு எப்படியும் அனுமதி உண்டு. மொபைல் இணைப்பிலிருந்து செய்தாலும் கவனம்: பல இணைப்புகளில் 25-ஆம் போர்ட்டையே அடைத்திருப்பார்கள். இணைப்பு கிடைக்கவில்லை என்பதற்காக உங்கள் கதவு பூட்டியிருக்கிறது என்று அர்த்தமில்லை.

முதல் வேலையாக வரிசையை நிறுத்துங்கள். அழிக்காதீர்கள். கானாடுகாத்தானில் ஒரு விடுதிக்கு இதே மாதிரிக் கோளாறுக்காகப் போனபோது, அவசரத்தில் வரிசை மொத்தத்தையும் துடைத்துவிட்டேன். நாலைந்து முன்பதிவு உறுதிக் கடிதங்களும் சேர்ந்து போயின. அந்த வீட்டு ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, காப்பி மட்டும் இரண்டாவது தடவை வரவில்லை. போஸ்ட்சூப்பர் கட்டளையில் எல்லா மெயிலையும் ‘ஹோல்ட்’ செய்ய வழி உண்டு. அப்படி நிறுத்தியவை நீங்கள் விடுவிக்கும்வரை வெளியே போகாது.

அடுத்து, அந்த அனுமதிப் பட்டியலான ‘மைநெட்வொர்க்ஸ்’ வரியில், சர்வர் தன்னையே குறிக்கும் 127.0.0.0/8 மட்டும் இருக்கட்டும் (ஐபிவி6 வைத்திருந்தால் அதில் சர்வர் தன்னையே குறிக்கும் முகவரியும்). அலுவலகத்து ஆட்கள் எல்லோரும் 587-ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டு கொடுத்து அனுப்பட்டும். இரண்டு நாள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும். ஐபி முகவரியைப் பார்த்து ஆளை நம்பும் ஏற்பாடு எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. சின்ன அலுவலகத்தில் அதற்குத் தேவையும் இல்லை. ரிலே கட்டுப்பாட்டு வரியின் கடைசியில், நம்முடையது அல்லாத முகவரிக்குப் போகும் மெயிலை மறுக்கும் விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வெளியாளுக்கு 554 அல்லது 454 என்ற எண்ணோடு ‘ரிலே அனுமதி இல்லை’ என்று பதில் போகும். உபுண்டுவில் நிறுவும்போதே இருப்பது 454 தருகிற விதி. அதுவும் தடைதான், பயப்பட வேண்டாம்.

இத்தோடு ரிலே நின்றுவிடும். ஆனாலும் ரவுட்டரை அப்படியே விடக்கூடாது. போர்ட் ஃபார்வர்டிங் பகுதியில் ‘மாஸ்கரேட்’ அல்லது ‘சோர்ஸ் நாட்’ என்று இருப்பதுதான் இப்படி முகவரியை மாற்றி எழுதுவது. அது அலுவலகத்திலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்கு மட்டும் பொருந்த வேண்டும். உள்ளே வருவதற்கும் சேர்த்துப் போட்டிருப்பார்கள், எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால், அனுப்பிய சர்வருக்கு அந்த முகவரியில் அனுப்ப உரிமை உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை, குப்பை அனுப்பும் ஐபிகளின் கறுப்புப் பட்டியல் சோதனை எதுவும் வேலை செய்யாது. தப்பான முயற்சி செய்யும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் வைத்திருந்தால் அது ரவுட்டரையே தடை செய்துவிடும். அப்புறம் எந்த மெயிலும் வராது.

இதற்குப் பிறகும் குப்பை மெயில் கிளம்பினால், லாகில் ‘சாஸ்ல் யூசர்நேம்’ என்று பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த ஆளின் பாஸ்வேர்டு வெளியாள் கைக்குப் போய்விட்டது, மாற்றுங்கள். கிளையண்டே இல்லாமல் ‘பிக்கப்’ வரியில் யூஐடி 33 (வெப் சர்வரின் பயனர் எண்) என்று வந்தால், அதே கணினியில் ஓடும் உங்கள் இணையதளத்தை, பெரும்பாலும் அதன் விசாரணைப் படிவத்தை, யாரோ பயன்படுத்துகிறார்கள்.

பிறகு வரிசைக்கு வாருங்கள். போஸ்ட்கேட் கட்டளையால் இரண்டு மூன்று மெயிலைத் திறந்து பார்த்து, அனுப்புநர் முகவரியை வைத்துப் பிரியுங்கள். குப்பையை அழித்துவிட்டு உங்கள் விலைப்பட்டியல்களை மட்டும் விடுவியுங்கள். ஹோல்டில் வெகுநாள் போடாதீர்கள்: போஸ்ட்ஃபிக்ஸில் நீங்கள் மாற்றாதவரை ஒரு மெயிலுக்கு ஆயுள் 5 நாள். அதைத் தாண்டியதை விடுவித்தால், அந்த ஒரு முயற்சியில் போய்ச் சேராதது திரும்பிவிடும்.

உங்கள் விலைப்பட்டியல் திரும்புவது கறுப்புப் பட்டியலில் ஏறியதால் என்றால், பெயரை நீக்கச் சொல்லி அந்தப் பட்டியலை நடத்தும் ஸ்பாம்ஹவுஸுக்கு எழுதுவதை, லாக் ஒரு நாள் முழுக்க அமைதியாக இருந்த பிறகு செய்யுங்கள். ஓட்டை அடைபடுமுன் கேட்டால் மறுபடி பட்டியலில் ஏறிவிடுவீர்கள். அதற்கு அவர்கள் காசு வாங்குவதில்லை. நீக்கித் தருகிறேன், பணம் கொடு என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். அதுவரை சிங்கப்பூருக்கு விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் போடுங்கள்.