சேர்ந்து வாழும் துணையை டிபெண்டன்ட் ஆகக் காட்டினால் வரி எவ்வளவு மிச்சமாகும்?

அமெரிக்காவில் வேலை பார்ப்பதாகவும், திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் துணைக்கு இப்போது சம்பாத்தியம் இல்லை என்றும், வரிக் கணக்கில் அவரை டிபெண்டன்ட் (உங்களைச் சார்ந்து வாழ்பவர்) ஆகக் காட்டினால் சில ஆயிரம் டாலர் மிச்சமாகும் என்று நண்பர் சொன்னதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சில ஆயிரம் டாலரை ஒருமுறை வாங்கி, பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டியவள் நான், அதனால் எழுதுகிறேன். வரி ஆலோசகர் அல்ல, டெட்ராய்ட் அருகே கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர்.

நேரான விடை, 500 டாலர். 2017 வரை ஒவ்வொரு டிபெண்டன்டுக்கும் 4,050 டாலரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. 2018 முதல் அது போய், கட்ட வேண்டிய வரியில் 500 டாலரைக் குறைக்கும் சலுகை மட்டும் இருக்கிறது. உங்கள் வரியே அதற்குக் குறைவென்றால் மீதி கைக்கு வராது. இந்த 500 டாலருக்கும் அவர் ஆண்டு முழுவதும் உங்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் (பிப்ரவரியில் பெட்டியோடு வந்தவர் அந்த ஆண்டுக்குச் சேரமாட்டார்), அவருடைய வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும், அவருக்கான செலவில் பாதிக்கு மேல் நீங்கள் செய்திருக்க வேண்டும். வருமான வரம்பு 2022-இல் 4,400 டாலர், 2025-இல் 5,200 டாலர்.

என் கதை 2022-ஆம் ஆண்டுக் கணக்கைப் பற்றியது. என் இணையர் இந்நாட்டுக் குடிமகன். வேலை போனதும் மீண்டும் கல்லூரியில் சேர்ந்து, நூலகத்தில் பகுதிநேரமாக 3,600 டாலர் சம்பாதித்தார். வரி தாக்கல் செய்து தருபவர் நம்மூர்க்காரர். நாங்கள் இருவரும் போய் உட்கார்ந்ததும் நாற்காலியை என் இணையர் பக்கம் திருப்பிக்கொண்டு, “சார், உங்க டபிள்யூ-2 கொடுங்க” என்றார் (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றுதான் டபிள்யூ-2). சம்பாதிப்பவள் நான் என்று புரிய அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. புரிந்த பிறகும் என்னிடம் அதிகம் கேட்காமல் ‘ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்’ (மணமாகாமல் குடும்பத்தைத் தாங்குபவருக்கான, வரி குறைவான நிலை) என்ற கட்டத்தில் குறியிட்டு, திரும்பக் கிடைக்கும் ரீஃபண்ட் தொகையைப் பெருமையோடு திரையில் காட்டினார்.

தவறு அந்தக் குறியில்தான் இருந்தது. உடன் வாழ்வதால் மட்டுமே டிபெண்டன்ட் ஆகும் ஒருவரை வைத்து ‘ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்’ நிலையைக் கோர முடியாது. அதற்குப் பிள்ளையோ பெற்றோரோ மற்ற உறவினரோ வேண்டும். என் 86,000 டாலர் வருமானத்துக்குத் தனிநபராக வரி 11,688 டாலர், அந்தப் பொய்யான நிலையில் 8,769 டாலர். உங்கள் நண்பர் சொல்லும் ‘சில ஆயிரம்’ இந்த 2,919 டாலராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மறு ஆண்டு வேறொரு கணக்காளர் பழைய படிவத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். 500 டாலராவது செல்லுமா என்று பார்க்க, என் இணையருக்கான செலவுக் கணக்கை நோட்டில் எழுதச் சொன்னார். வாடகையில் இணையரின் பங்கு 8,700, உணவு 3,000, கல்லூரிக் கட்டணம் 6,000, இதர செலவு 2,700, ஆக 20,400 டாலர். கல்விக்கடன் அவர் பெயரில் வாங்கியது என்பதால் அந்த 6,000 டாலரும், அவர் செலவழித்த சம்பளம் 3,600 டாலரும் அவர் கணக்கிலேயே சேர்ந்தன. என் பங்கு 10,800. பாதியைத் தாண்டியது வெறும் 600 டாலரில்.

தப்பித்தேன் என்று நினைத்தபோதுதான் நான் வாழும் மிச்சிகன் மாநிலத்தின் சட்டம் குறுக்கே வந்தது. உறவு உள்ளூர்ச் சட்டத்தை மீறுவதாக இருந்தால் அவரை டிபெண்டன்ட் ஆகக் காட்டக் கூடாது என்பது ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) விதி. மணமாகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறை என்று 1931-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இங்கே சொல்லிக்கொண்டிருந்தது. அதன்படி யாரையும் பிடித்துப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வரிக் கணக்கில் அது உயிரோடு இருந்தது. ஆளுநர் விட்மர் அதை நீக்கும் மசோதாவில் கையெழுத்திட்டது 2023-இல்தான். ஆகவே 500 டாலரையும் சேர்த்து 3,419 டாலரை, பழைய கணக்கைத் திருத்தும் 1040-எக்ஸ் படிவம் போட்டு, வட்டியோடு கட்டினேன். முதலாமவர் வாங்கிய கட்டணம் திரும்ப வரவில்லை.

“பேசாமல் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதுதானே” என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: அந்தக் கணக்கும் எனக்குத் தெரியும். டிசம்பர் 31 அன்று மணந்திருந்தாலும் ஆண்டு முழுவதும் மணமானவளாகவே கருதி, எங்கள் இருவருக்கும் சேர்த்து வரி 7,233 டாலர்தான் வந்திருக்கும். 4,455 டாலருக்காகத் தாலி கட்டிக்கொள்வதா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

யாரும் சொல்லாத மிச்சம் மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறது. மணமாகாத துணையை நிறுவனக் காப்பீட்டில் சேர்த்தால், அவருக்காக நிறுவனம் கட்டும் பணத்தை உங்கள் சம்பளமாகக் கருதி வரி பிடிப்பார்கள். எனக்கு அது ஆண்டுக்கு 5,400 டாலர். வருமான வரியும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தங்களும் சேர்ந்து 1,600 டாலர் போயிற்று. அவர் டிபெண்டன்ட் என்றால் அந்த வரி இல்லை. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவருடைய வருமான வரம்பைப் பார்ப்பதில்லை, மற்ற நிபந்தனைகள் போதும். 2025-இல் என் இணையர் 9,000 டாலர் சம்பாதித்ததால் 500 டாலர் சலுகை கிடைக்காது. ஆனால் செலவில் பாதிக்கு மேல் நானே செய்ததால், மனிதவளத் துறையில் உறுதிமொழிப் படிவம் கொடுத்துக் காப்பீட்டு வரியை நிறுத்திவிட்டேன். உங்கள் நிறுவனத்தில் அந்தப் படிவத்தைக் கேளுங்கள், அவர்களாகத் தரமாட்டார்கள்.

இவ்வளவும் எழுதிய பின் ஒரு சந்தேகம். உங்கள் துணை மாணவர் விசாவில் வந்தவராக இருப்பாரோ? அப்படியென்றால் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் வரை அவர் பொதுவாக வரிக்கணக்கில் அமெரிக்கவாசி அல்ல. ஆண்டு முழுவதும் நீங்களே சோறு போட்டிருந்தாலும் அவரை டிபெண்டன்ட் ஆகக் காட்ட முடியாது. அவர் வந்த ஆண்டைச் சொல்லுங்கள்.