மிளகு ஏன் காரமாக இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். வயது 43. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவன். கொஞ்ச நாட்களாக எறும்பு, பாசி, பூஞ்சை என்று கண்ணில் படுவதையெல்லாம் கவனித்து நோட்டில் எழுதி வைக்கிறேன். வீட்டில் “இதனால் என்ன பிரயோஜனம்?” என்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. முறையாகப் படிக்காதவன் இதில் இறங்குவது வீண் வேலையா?

கே.

அன்புள்ள கே.,

வீண் வேலையே இல்லை. உங்கள் தொழிலையே செய்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆண்டனி வான் லேவன்ஹூக், ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஜவுளிக்காரர். 1632இல் பிறந்தார். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. அன்றைய அறிஞர்கள் எழுதிய லத்தீனும் தெரியாது, டச்சு மட்டும்தான். லண்டனில் இருந்த அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு அவருடைய முதல் கடிதம் போனது 1673இல். அப்போது அவருக்கு வயது 40.

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அவருக்கு ஒரு கேள்வி. கண்ணுக்குத் தெரியாத முட்கள் இருந்து நாக்கைக் குத்துகின்றனவோ என்று சந்தேகப்பட்டார். 1676இல் மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தானே செய்த லென்ஸ் வழியாகப் பார்த்தார். முள் எதுவும் இல்லை. ஆனால் சில வாரம் ஊறிய அந்தத் தண்ணீரில் குட்டி உயிர்கள் கூட்டம் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. அவற்றில் மிகச் சிறியவை பாக்டீரியா என்றே இன்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் சிலிர்க்கிறது.

லண்டனில் லேசில் நம்பவில்லை. அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கவும் இல்லை. ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுப் பார்க்க வைத்து, அவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் அந்தச் சங்கத்தின் விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கும் மிளகை ஊறவைத்துப் பார்த்து, உண்மைதான் என்று உறுதிசெய்தார். 1680இல் ராயல் சொசைட்டி அந்த ஜவுளிக்காரரைத் தன் உறுப்பினராக்கியது.

காரத்துக்குக் காரணம் பைப்பெரின் என்ற வேதிப்பொருள். அதை டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்தது 1819இல்தான். நுண்ணுயிரிகளால் நோய் வருகிறது என்று விஞ்ஞானிகள் பாஸ்டரும் கோக்கும் நிறுவியது அதற்கும் அப்புறம். லேவன்ஹூக்கிடம் யாராவது பிரயோஜனம் என்னவென்று கேட்டிருந்தால், இதில் எதையும் அவரால் சொல்லியிருக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள். தன் சிறந்த லென்ஸ்களைச் செய்யும் முறையை அவர் கடைசி வரை யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் அவருக்குப் பின் வந்தவர்களுக்கு எவ்வளவு நஷ்டம்!

எறும்பு, பாசி, பூஞ்சை மூன்றையும் ஒரே நேரத்தில் தொடர வேண்டாம் என்பது என் யோசனை. எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அதை ஒரு மழைக்காலம் முழுக்கப் பாருங்கள். தேதி, இடம், வெயிலா நிழலா எல்லாவற்றையும் எழுதுங்கள். அளவைக் குத்துமதிப்பாக விடாதீர்கள். லேவன்ஹூக் தான் கண்ட உயிர்களை மணல் துகளோடு ஒப்பிட்டு அளவு சொன்னார். உங்கள் கடையில் இழை எண்ணுகிற லென்ஸ் இருக்குமே, தொடங்க அது போதும்.

பாசி பற்றிய பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தாவரவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டி என்ன சொல்கிறார் என்று எழுதுகிறேன்.