மூன்றாம் கட்சிக்கு இடம் உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் இரு பெரிய கட்சிகளையும் சாராத ஒருவர் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் வெல்ல முடியுமா?

பதில்: முடியும், வென்றும் இருக்கிறார்கள். 1978-இல் அலாஸ்காவில் லிபர்டேரியன் கட்சியின் டிக் ராண்டால்ஃபும், 2002-இல் மெயின் மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ஜான் ஈடரும் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்குத் தேர்வானார்கள். வெர்மான்ட்டின் முற்போக்குக் கட்சியோ பல ஆண்டுகளாகவே அங்குள்ள சட்டமன்றத்தில் இடம்பெற்று வருகிறது.

ஆனால் அந்த வெற்றி எளிதல்ல. முதல் தடை, வாக்குச்சீட்டில் பெயர் இடம்பெறுவது. பல மாநிலங்களில் சிறு கட்சியினர் இதற்காகக் கையெழுத்துப் படிவத்துடன் வீடுவீடாக ஏறி இறங்க வேண்டும். கையெழுத்திட்டவர் அத்தொகுதியின் வாக்காளர் இல்லையென்றால் அந்த வரியே செல்லாது என்பதால், தேவைக்கு மேலாகவே திரட்டி வைக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய தடை தொகுதியின் அளவு என்பது என் உறுதியான கருத்து. சுமார் ஆறரை லட்சம் மக்கள் வாழும் வெர்மான்ட்டின் கீழவையில் 150 உறுப்பினர்கள் இருப்பதால், ஓர் உறுப்பினருக்கு நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான். வேட்பாளர் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசிவிடலாம். ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவின் கீழவையிலோ வெறும் 80 இடங்கள். அங்கே ஐந்து லட்சம் பேரை எட்டப் பணமின்றி இயலாது.

‘வாக்கு வீணாகிவிடும்’ என்ற அச்சமும் மூன்றாமவரைப் பலமாகத் தாக்குகிறது. இதற்கு மாற்றாக, வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் முறையை அலாஸ்கா வாக்காளர்கள் 2020-இல் ஏற்றனர். 2022-இல் சட்டமன்றத் தேர்தலும் அப்படியே நடந்தது. முதல் விருப்பத்துக்குரியவர் குறைந்த வாக்குகள் பெற்று நீக்கப்பட்டால், அந்த வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும்.