கேள்வி பதில்: எலும்பு, மூட்டு, தசைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு உடற்கல்வி

பதில்களுக்கு முன் ஒரு வேண்டுகோள். "விளையாட்டு வேண்டாம்" என்று மொட்டையாக எழுதிய மருத்துவச் சீட்டோடு நின்றுவிடாதீர்கள். எந்த அசைவு கூடாது, எவ்வளவு எடை வரை தூக்கலாம், தடை எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டு எழுதி வாங்குங்கள். பிள்ளை எதையெல்லாம் செய்யலாம் என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: 7-ஆம் வகுப்பில் 40 பேர். ஒரு மாணவன் சக்கர நாற்காலியில் வருகிறான். கைகளில் குறை இல்லை. ஸ்கோர் எழுத வைத்திருக்கிறேன். மற்றவர்களோடு எப்படி ஆட விடுவது? (உடற்கல்வி ஆசிரியர்)

ஸ்கோர் எழுதுகிற பிள்ளைக்கு அன்றைக்கு உடற்கல்வி வகுப்பே நடக்கவில்லை. முதலில் அந்த நோட்டை அவனிடமிருந்து வாங்கிவிடுங்கள்.

ஆட்டத்தின் சவாலில் கை வைக்காமல், அவனுக்குக் குறுக்கே நிற்பதை மட்டும் எடுத்துவிட வேண்டும். சர்வதேச விதிகளிலேயே இதைப் பார்க்கலாம். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் வளையம் அதே 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பந்தை மடியில் வைத்துச் சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம், அடுத்த தள்ளலுக்கு முன் பந்தைத் தரையில் தட்டியாக வேண்டும். சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இரண்டு முறை துள்ளலாம்; இரண்டாவது துள்ளல் கோட்டுக்கு வெளியே போனாலும் செல்லும். வலையின் உயரத்தில் மாற்றமில்லை.

ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தில் அவன் பிடிப்பவனாக இருக்கும்போது ஒரு மீட்டர் நீள நுரைக்குழாயைக் கையில் கொடுங்கள். அது பட்டால் அவுட். அவனைத் துரத்தும்போது நாற்காலியைத் தொட்டாலே அவன் அவுட். பாவம் பார்த்து அவனை அவுட் ஆக்காமல் விட்டால், அவன் ஆட்டத்தில் இருந்தும் இல்லாதவன்தான். பந்தாட்டங்களில் அவனைச் சுற்றிச் சுண்ணாம்பால் 2 மீட்டர் சதுரம் போடுங்கள். அதற்குள் வரும் பந்து அவனுக்கு மட்டுமே. இல்லாவிட்டால் ஆர்வத்தில் கூட்டாளிகளே முந்திக்கொண்டு எடுத்துவிடுவார்கள்.

நாற்காலியின் கால்தாங்கி மற்றவர்களின் கணுக்காலில் இடிக்கும். அதன் முனையில் தடித்த நுரை சுற்றிக் கட்டுங்கள். இடுப்புப் பட்டை போட்டிருக்கிறதா, பின்னால் கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்கள் இறக்கிவிடப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொரு வகுப்பிலும் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து எறிவதானால் இரண்டு பக்கமும் பிரேக் போட வேண்டும். போடாவிட்டால் நாற்காலி பின்னால் உருண்டு எறிதலின் வேகம் வீணாகும். மணலிலும் ஈரப் புல்லிலும் முன்சக்கரம் புதைந்து ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். கெட்டியான தளம் வேண்டும்.

கேள்வி: பெருமூளை வாதம் உள்ள என் மகள் பந்தைப் பிடித்துக்கொள்கிறாள், ஆனால் எறியும்போது விரல்கள் பிரிவதில்லை. விசில் கேட்டாலே உடம்பு விறைத்துப்போகிறது. (ஓர் அம்மா)

இறுக்கமான தசை உள்ள பிள்ளைகளுக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். "சீக்கிரம் போடு" என்று அவசரப்படுத்தினால் இறுக்கம் இன்னும் கூடும்.

எறிவதற்கு முன் உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள். பாதம் இரண்டும் தரையில் படிய, இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். இடுப்பு முன்னால் வழுக்கினால் உடம்பு முழுக்க நீண்டு விறைக்கும், கையையும் அடக்க முடியாது.

பந்துக்குப் பதில் தானியம் நிரப்பிய சிறு துணிப்பையில் தொடங்குங்கள். முன்கை மேசை மேல் இருக்கட்டும். மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே தளர்ந்து தொங்கட்டும். மணிக்கட்டு கீழே மடங்கும்போது விரல்கள் தாமாகவே கொஞ்சம் விரியும். நேர் கீழே ஒரு கூடை வையுங்கள். அவள் பையை நழுவ விட்டாலே அது ஒரு வெற்றி. பத்துக்கு ஏழெட்டு முறை விழத் தொடங்கியதும் கூடையை ஒரு சாண் தள்ளி வைத்து, கையை லேசாக ஆட்டி விடச் சொல்லுங்கள். எறிதல் இப்படித்தான் படிப்படியாக வரும். இலக்கு நேர் எதிரே இருக்கட்டும். சில பிள்ளைகளுக்குத் தலை ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கக் கை நீண்டும் மறுபக்கக் கை மடங்கியும் போகும். இலக்கைப் பக்கவாட்டில் வைத்தால் குறி தப்பும்.

திடீர்ச் சத்தத்துக்கு விறைப்பது அனிச்சைச் செயல். அதட்டினாலும் அறிவுரை சொன்னாலும் போகாது. விசிலுக்குப் பதிலாக ஒரு வண்ணக் கொடியைத் தூக்கிக் காட்டும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

அவளுக்கு போச்சா ஆட்டம் அருமையாகப் பொருந்தும். சிவப்புப் பந்து 6, நீலப் பந்து 6, இலக்கு ஒரு வெள்ளைப் பந்து. யாருடைய பந்து வெள்ளைக்கு அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. எறிய முடியாதவர் சரிவுப் பலகையில் பந்தை உருட்டி விடலாம். பலகையை நகர்த்தித் தரும் உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியே இருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. குறி பார்ப்பது முழுக்க ஆட்டக்காரர் வேலை என்பதை விதியே காப்பாற்றுகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

கேள்வி: முதுகெலும்புப் பிளவோடு பிறந்த மாணவிக்கு மூளை நீர் வடிய உள்ளே குழாய் வைத்திருக்கிறார்கள். பலூன் கைப்பந்து ஆடலாமா?

ரப்பர் பலூன் வேண்டவே வேண்டாம். இந்தப் பிள்ளைகளிடம் லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை மிக அதிகம். மூச்சுத்திணறல் வரை போகும். காற்றடைத்த பெரிய பிளாஸ்டிக் பந்தை வைத்து ஆடுங்கள். இழுத்துப் பயிற்சி செய்யும் பட்டைகளும் லேட்டக்ஸ் இல்லாதவையாக இருக்கட்டும்.

குழாய் இருப்பதால் தலையால் பந்தை முட்டுவதும் குட்டிக்கரணமும் கூடாது. தலைவலி, வாந்தி, வழக்கமில்லாத தூக்கக் கலக்கம் வந்தால் குழாய் அடைத்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலில் உணர்ச்சி இல்லாவிட்டால் தரையில் தேய்ந்து புண்ணானாலும் அவளுக்குத் தெரியாது. முழுநீளக் காற்சட்டையும் காலுறையும் அணிவித்து, வகுப்பு முடிந்ததும் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டூஷேன் தசைச்சிதைவு உள்ள 9 வயதுப் பையனுக்குக் கால் பலப்பட உட்கார்ந்து எழும் பயிற்சியும் படிக்கட்டுப் பயிற்சியும் தரலாமா?

தராதீர்கள். தசை நாரின் சவ்வைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இந்த நோயில் இல்லை. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் அசைவுகளில், அதாவது படியிறங்குவது, மெல்ல உட்காருவது, குதித்து ஊன்றுவது ஆகியவற்றில், நார்கள் சேதமாகின்றன. பலம் வரும் என்று நினைத்துச் செய்வது இருக்கிற பலத்தையும் கரைக்கும். நீச்சலும் சமதளத்தில் மெதுவாகச் சைக்கிள் மிதிப்பதும் நல்லது. களைப்பு வருமுன் நிறுத்துங்கள். மறுநாள் தசை வலித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: தண்டுவடக் காயமுள்ள மாணவி வெயிலில் சீக்கிரம் துவண்டுவிடுகிறாள். சில நேரம் முகம் சிவந்து தலைவலிக்கிறது என்கிறாள்.

இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள். காயத்துக்குக் கீழே வியர்க்காததால் உடல் சூடு தணிவதில்லை. நிழல், ஈரத்துணி, தண்ணீர், அடிக்கடி இடைவேளை, இவையே போதும்.

தலைவலிதான் கவலைக்குரியது. ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ காயம் என்றால், நிரம்பிய சிறுநீர்ப்பை, இறுக்கிய பட்டை போன்ற சின்னத் தொல்லைகூட ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென ஏற்றிவிடும். நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். பட்டையையும் காலணியையும் தளர்த்துங்கள். சிறுநீர் வடியக் குழாய் பொருத்தியிருந்தால் அது மடங்கியிருக்கிறதா பாருங்கள். தணியாவிட்டால் ஆம்புலன்ஸ்தான்.

கேள்வி: ஊன்றுகோலோடு நடக்கும் பிள்ளைக்கு ஏற்ற குழு ஆட்டம்?

உட்கார்ந்து ஆடும் கைப்பந்து. வகுப்பே தரையில் உட்கார்ந்துவிட்டால் ஊன்றுகோலுக்கு வேலையில்லை. ஆடுகளம் 10 × 6 மீட்டர். வலை ஆண்களுக்கு 1.15, பெண்களுக்கு 1.05 மீட்டர். பந்தைத் தொடும் கணத்தில் பிட்டம் தரையில் இருக்க வேண்டும் என்பதே முக்கிய விதி. முதல் இரண்டு வகுப்புகளில் பந்தே வேண்டாம். கையை ஊன்றி நகர மட்டும் பழக்குங்கள்.

கேள்வி: மதிப்பெண் எப்படிப் போடுவது? 50 மீட்டர் ஓட்டத்தில் பூஜ்யம்தான் வருகிறது.

பிள்ளையால் செய்ய முடிகிற அசைவை அளந்து போடுங்கள். 10 முதல் 17 வயது வரையானவர்களுக்கான ப்ராக்போர்ட் உடற்தகுதிச் சோதனையில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஏற்ற அளவீடுகள் உண்டு. ஒன்றைச் சொல்கிறேன்: நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி, முழங்கை நீட்டி, உடம்பைத் தூக்கிப் பிடித்தல். 5 விநாடி குறைந்தபட்சம், 20 விநாடி நல்ல அளவு. படுக்கைப்புண் வராமலிருக்க அன்றாடம் இருக்கையிலிருந்து எழும்பிக்கொடுப்பதும் இதே அசைவுதான். 5 விநாடி தூக்கிப் பிடிக்க முடியாத மாணவனை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் மூன்று முறை முயல வைத்து, தேதியோடு விநாடியைக் குறித்து வாருங்கள். பருவத் தொடக்க அளவுக்கும் முடிவு அளவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மதிப்பெண் போடலாம்.