சுஷிமா மாரு: யாரைக் குற்றம் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1944இல் ஜப்பானின் ஒக்கினாவா தீவுப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற சுஷிமா மாரு கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். உள்ளே குழந்தைகள் இருந்தது அந்த நீர்மூழ்கிக்குத் தெரியாது என்றால், யாரைத்தான் குற்றம் சொல்வது? போர் என்றால் அப்படித்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீர்மூழ்கிக்குத் தெரியாது என்பது உண்மை. போஃபின் என்ற அந்த நீர்மூழ்கி கண்டது, போர்க்கப்பல்களின் காவலோடு சென்ற ஒரு கப்பல் வரிசையை. சுஷிமா மாருவே படைவீரர்களை ஒக்கினாவாவில் இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டது.

ஆனால் குற்றம் சொல்ல ஆளே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். ஜப்பான் வசமிருந்த சைபன் தீவு அமெரிக்கர்களிடம் கைவிட்டுப் போன ஜூலையில், ஒக்கினாவாவின் முதியோர், பெண்கள், குழந்தைகளை வெளியேற்ற டோக்கியோ முடிவெடுத்தது. தயங்கிய பெற்றோரை ஆசிரியர்கள் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். ஆகஸ்ட் 21 அன்று ஒக்கினாவாவின் நாஹா துறைமுகத்தில் ஏறிய பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம், 1914இல் கட்டப்பட்ட அந்தச் சரக்குக் கப்பலின் சரக்கறையில் அடுக்கடுக்காக அடித்த பலகைத் தட்டுகள். மறுநாள் இரவு பத்து மணிக்குப் பிறகு டார்பிடோ தாக்கியபோது பலர் அங்கே உறங்கிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடங்கள் போலத்தான் கப்பல் தாக்குப்பிடித்தது. காவலுக்கு வந்த கப்பல்கள், நீரில் தத்தளித்தவர்களைத் தூக்க நிற்காமல் போய்விட்டன. இறந்தவர்களில் பெயர் தெரிந்தவர்கள் மட்டும் 1,484 பேர். அவர்களில் 784 பேர் பள்ளிப் பிள்ளைகள்.

அதன்பின் நடந்ததை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று, பிழைத்த சிறுவர்கள் உட்பட எல்லோருக்கும் வாய்ப்பூட்டுப் போட்டார்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம் என்று கடிதம் வரும் எனக் காத்திருந்த பெற்றோர், அது வராததை வைத்தே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உயிர் தப்பிய ஓர் ஆசிரியை, தான் அழைத்துச் சென்ற பிள்ளைகளின் பெற்றோர் முகத்தில் விழிக்கத் துணியாமல், போருக்குப் பிறகும் வேறு மாகாணத்திலேயே வாழ்ந்தார். மேலிடத்து உத்தரவை நம்பியதைத் தவிர அவர் என்ன பிழை செய்தார்?

அந்த மேலிடத்துக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன், ஜூன் 29 அன்று, ஒக்கினாவாவுக்குப் படைவீரர்களைக் கொண்டு வந்த டோயாமா மாருவை இன்னொரு அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்து, ஐந்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படைக் கப்பல் வரிசையில் அனுப்பியவர்களையே நான் குற்றம் சொல்கிறேன்.